பதினெட்டு புள்ளி ஏழு

என் அண்ணிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க நான் சம்மதித்தது பாசத்தால் இல்லை, அலுப்பால்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை. பதுளையிலிருந்து நமுனுகுல பக்கம் போகும் பஸ்ஸில் வழி முழுக்க நின்றுகொண்டே வந்து, அண்ணன் இருக்கும் லயத்து வரிசை வீட்டுப் படிகளில் ஏறி, செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அண்ணி வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

“டீச்சரம்மா, எனக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கணும். முடியாதுன்னு மட்டும் சொல்லிறாத.”

“என்ன கணக்கு?”

“ஓ லெவல் கணக்கு.”

பதினாறு வயதுப் பிள்ளைகள் எழுதும் பரீட்சை அது. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் பேசலாம் என்று உள்ளே போனால், அடுப்படியில் பதினோராம் ஆண்டுக் கணிதப் புத்தகம் ஏற்கெனவே விரிந்து கிடக்கிறது. யாரோ ஒரு பிள்ளையிடம் இரவல் வாங்கியது. “சரி சரி, பார்ப்போம்” என்று வாய் தவறிச் சொன்னேன். அந்தப் ‘பார்ப்போம்’ என்னைப் பல மாதங்கள் இழுத்துக்கொண்டு போயிற்று.

நான் பதுளை பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் டியூஷன் வகுப்பு நடத்துகிறேன். பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். நான் போடுகிற சத்தம் கீழே சீத்தைத் துணி பார்க்க வந்த சனத்துக்கும் கேட்கும். கடை முதலாளி படிக்கட்டில் நின்று, “டீச்சர், இன்னைக்கு யாரை உசுரோட விட்டிருக்கீங்க?” என்று கேட்பார். வாரம் ஆறு நாள் இப்படித் தொண்டை கட்டக் கத்திவிட்டு, ஏழாம் நாள் அண்ணன் வீட்டுக்கு வருவது வாயை மூடிக்கொண்டு தூங்குவதற்கு. அந்தத் தூக்கத்துக்குத்தான் அண்ணி உலை வைத்தார்.

ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அண்ணி மலையில் கொழுந்து பறிப்பவர். கொஞ்ச காலமாக அவருக்கு முழங்கால் சரியில்லை. ஏறும்போது தெரியாதாம். நிறைந்த கொழுந்துச் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கும்போது முட்டி தனியாகக் கழன்று போகிற மாதிரி இருக்குமாம். பதுளை ஆஸ்பத்திரியில் காட்டியதற்கு, “இனி மலை ஏறாதீங்க” என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மலை ஏறாமல் தோட்டத்தில் வேறென்ன செய்வது என்று மாத்திரையில் எழுதியிருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஓர் ஆள் தேவைப்படும் என்று பேச்சு வந்தது. மலைக்குப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே பார்த்துக்கொண்டிருந்த அம்மா அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறார். அந்த வேலைக்கு ஓ லெவலில் தமிழும் கணிதமும் சித்தியடைந்திருக்க வேண்டும். அண்ணி பதினாறு வயதில் மற்ற எல்லாப் பாடமும் சித்தியடைந்து, கணிதத்தில் மட்டும் தவறியவர். அவர் படித்த காலத்தில் அந்தப் பாடசாலையில் ஒரு வருஷத்துக்கு மேலாகக் கணித ஆசிரியரே இல்லை. வேறு பாடத்து ஆசிரியர் வந்து, “சத்தம் போடாம கணக்குச் செய்ங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பாராம்.

“இந்த வருசம் விட்டா வேலைக்கு எடுக்கிற வயசு தாண்டிரும்” என்றார் அண்ணி. “அப்புறம் இந்தக் காலோட சாகுற வரைக்கும் மலைதான்.”

இதைக் கேட்ட பிறகு எப்படித் தூங்குவது?

முதலில் எண்களிலிருந்தே ஆரம்பித்தேன். காரணிகள். அண்ணி ஒரு பருவம் நாற்றுமேடையில் வேலை செய்தவர். கன்றுப் பைகளை வரிசை வரிசையாக அடுக்குவது அவருக்குத் தெரியும். “இருபத்துநாலு பை இருக்கு. எப்படி எப்படி அடுக்குவீங்க?” என்றேன். நாலு வரிசையில் ஆறாறு, மூணு வரிசையில் எட்டெட்டு, ரெண்டில் பன்னிரண்டு என்று விரல் நீட்டிச் சொன்னார். “ஒரு பை செத்துப் போச்சு. இருபத்துமூணு. இப்ப அடுக்குங்க.” கொஞ்ச நேரம் உதட்டை அசைத்துக்கொண்டே பார்த்தார். ரெண்டாக அடுக்கினால் ஒன்று மிஞ்சுகிறது. மூன்றாக அடுக்கினால் ரெண்டு மிஞ்சுகிறது. நாலுக்கும் மசியவில்லை.

“இது எதுக்கும் அடங்காது போல. ஒரே நீட்டு வரிசையாத்தான் வைக்கணும்.”

“அதுதான் அண்ணி முதன்மை எண். ஒன்றாலும் தன்னாலும் மட்டும்தான் வகுபடும். வேற யாருக்கும் வளையாது.”

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப நீ ஒரு முதன்மை எண்ணு. அதான் முப்பத்தஞ்சு வயசாகியும் எந்த மாப்பிள்ளையாலயும் வகுபட மாட்டேங்கிற.”

அண்ணன் அடுப்பில் ரொட்டி புரட்டிக்கொண்டிருந்தார். படிப்பு நாட்களில் அடுப்பு அவர் பொறுப்பு. அவர் சிரித்த சிரிப்பில் ரொட்டி கருகிற்று. நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தேன். இரண்டு பேரும் சமாதானம் பேசி உட்கார வைத்தார்கள்.

ஒன்று முதன்மை எண்ணா என்பதில் அண்ணி என்னோடு ஒரு ஞாயிறு முழுக்கச் சண்டை பிடித்தார். “ஒண்ணும் ஒண்ணாலயும் தன்னாலயும்தானே வகுபடுது? அதைய மட்டும் ஏன் தள்ளி வைக்கிறீங்க?” முதன்மை எண்ணுக்குச் சரியாக இரண்டு காரணிகள் வேண்டும், ஒன்றுக்கு இருப்பது ஒரே ஒரு காரணிதான் என்றேன். “பாவம்” என்றார். எண்களுக்காகப் பரிதாபப்படுகிற ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் எண்களைக் கடன்காரனைப் போலத்தான் பார்ப்பார்கள்.

பொது மடங்குகளுட் சிறியதைச் சொல்லிக் கொடுக்க அவர்களுடைய குழாய்த் தண்ணீரையே பிடித்துக்கொண்டேன். அந்த லயத்துக்கு மூன்று நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் விடுவார்கள். ஞாயிறு ஏழு நாளைக்கு ஒரு முறை வருகிறது. தண்ணீரும் ஞாயிறும் ஒன்றாக வருவது எப்போது? மூன்றின் மடங்குகளையும் ஏழின் மடங்குகளையும் எழுதிக்கொண்டே போய், இருபத்தொன்றில் இரண்டும் சந்தித்ததும் அண்ணி பென்சிலைப் போட்டுவிட்டார். “அடப்பாவி! அதான் மூணு வாரத்துக்கு ஒருக்காத்தான் லீவு நாள்ல தலைக்கு ஊத்த முடியுதா? நான் தண்ணி விடுறவனைல்ல இத்தனை நாளும் ஏசிக்கிட்டு இருந்தேன்!”

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எனக்கே உள்ளூர ஒரு பெருமை. அதனால் மூன்றாம் மாதக் கடைசியில், பழைய பரீட்சைத்தாளின் சாயலில் நானே ஒரு வினாத்தாள் தயாரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணி முழங்காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து எழுதினார். திருத்தினேன். திருத்தத் திருத்த எனக்குத் தலை சூடேறியது.

வழியெல்லாம் சரி. பெருக்கல் சரி, வகுத்தல் சரி, சமன்பாடு சரி. கடைசி வரி மட்டும் பிழை. பன்னிரண்டரை வர வேண்டிய இடத்தில் பன்னிரண்டு. 3.75 வர வேண்டிய இடத்தில் மூன்று. ‘7.8ஐக் கிட்டிய முழு எண்ணுக்கு மட்டந்தட்டுக’ என்ற கேள்விக்கு ஏழு. அது ஒரு வரிக் கணக்கு. எட்டாம் ஆண்டுப் பிள்ளை தூக்கத்தில் எழுதும்.

“என்ன அண்ணி இது?” கத்தினேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. “ஏழு புள்ளி எட்டு, ஏழுக்குக் கிட்டவா எட்டுக்குக் கிட்டவா? கண்ணு தெரியுதா இல்லையா?”

“எட்டுக்குக் கிட்டத்தான்.”

“அப்ப ஏன் ஏழுன்னு எழுதினீங்க?”

அவர் என்னை ஒரு சின்னப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். “எட்டு யாரு குடுப்பா?”

எனக்கு விளங்கவில்லை. அண்ணன்தான் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார். “கொழுந்து நிறுக்குறப்ப அப்படித்தானே. தராசுல பதினெட்டு புள்ளி ஏழுன்னு இருக்கும். பதினெட்டுன்னு கூப்பிடுவாங்க, பதினெட்டுன்னு எழுதுவாங்க. புள்ளிக்குப் பொறகு உள்ளது நமக்கு இல்லை.”

“சாக்குப் பாரத்துக்குத் தனியாக் கழிக்கிறாங்கதானே?”

“அது வேற, இது வேற” என்றார் அண்ணி. குரலில் கோபம்கூட இல்லை. வெயில் அடித்தால் சுடும் என்று சொல்வதைப் போலச் சொன்னார். “முந்தி முள்ளுத் தராசு. என்னான்னு நமக்குத் தெரியாது. இப்ப கரண்டுத் தராசு, நல்லாத் தெரியும். பச்சை எழுத்துல கண்ணுக்கு முன்னாலேயே எரியும். ஆனா கூப்பிடுறது முன்னுக்கு உள்ளதைத்தான். பத்தொம்பது வருசமா அப்படித்தான். நான் தப்பாச் செய்யல புள்ள. என் கை தானா நின்னுருது.”

எனக்கு எரிந்துகொண்டு வந்தது. அண்ணி மேல் இல்லை. யார் மேல் என்று காட்ட அங்கே ஆள் யாரும் இல்லாததால் புத்தகத்தைத் தரையில் அறைந்தேன். மட்டந்தட்டல் என்று நான் பிள்ளைகளுக்குப் பல வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். அரைக்குக் குறைந்தால் கீழே, அரையும் அதற்கு மேலும் என்றால் மேலே. சரிக்குச் சரி நியாயமான விதி. ஒரு மலை முழுக்க ஒரே பக்கத்துக்கு மட்டும் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள், நான் அந்த மலையில் பிறந்தும் எனக்குத் தெரியவில்லை. அம்மாவும் அதே தராசுக்கு முன்னால் நின்றவள்தான்.

அண்ணிக்கு விதி தெரியாமல் இல்லை. வாயால் கேட்டால் சரியாகச் சொல்வார். எழுதச் சொன்னால் கை புள்ளியில் நின்றுவிடும். இலக்கக் கோட்டை வரைந்து, ‘ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல என்ன இருக்கு?’ என்று கேட்டேன். “ஒண்ணும் இல்லை” என்றார். பிறகு தானே நாக்கைக் கடித்துக்கொண்டார். இப்படிப் போனால் பரீட்சையில் ஒவ்வொரு கேள்வியிலும் கடைசி வரிக்கான மார்க் போகும். சித்தியடைய முடியாது. பிள்ளைக்காம்பரா கிடையாது. அந்த முழங்காலை நினைத்து அன்றைக்கு எனக்குப் பயமே வந்துவிட்டது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு யோசனை தோன்றியது. கையைக் கெடுத்தது தராசு என்றால் தராசிடமே போக வேண்டியதுதான். அண்ணிக்குப் போன் எடுத்தேன். “நாளையிலிருந்து நிறுக்கிற நேரம் அவங்க கூப்பிடுறதைக் கேக்காதீங்க. பச்சை எழுத்தைப் பாருங்க. பார்த்ததை அப்படியே புள்ளியோட மனசுல வச்சிருந்து, பின்னேரம் எனக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புங்க.”

“எதுக்கு? சண்டைக்கா?”

“சண்டைக்கு இல்லை, கைக்கு.”

மறுநாள் பின்னேரம் வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. காதில் வைத்துக் கேட்டேன். மழைச் சத்தத்துக்கு நடுவில் அண்ணி யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னார். “பதினெட்டு புள்ளி ஏழு.” அவ்வளவுதான். அடுத்த நாள், “இருபத்தொண்ணு புள்ளி நாலு. ஈரக் கொழுந்து.” அதற்கடுத்த நாள், “பதினஞ்சு புள்ளி ஒம்பது. கால் வலி, பறிக்க முடியல.” வேலைக்குப் போன எல்லா நாளும் வந்தது. நான் எங்கேயும் குறித்து வைக்கவில்லை. கூட்டிப் பார்க்கவும் இல்லை. ஆனால் வராத நாளில் மனது கிடந்து தவித்தது. ஒரு மாதம் போன பிறகு குரல் மெல்ல மெல்ல உரத்துவிட்டதைக் கவனித்தேன்.

ஒரு நாள் அண்ணி கூடவே சேர்த்துச் சொன்னார். “இன்னைக்கு எனக்குப் பொறகு நின்ன பொம்பளை, ‘என்னாக்கா அப்படி உத்துப் பாக்குற’ன்னு கேட்டா. அவளுக்கும் காட்டிக் குடுத்தேன். இப்ப அவளும் பாக்குறா.”

கை திருந்திற்று. திருந்தியது மட்டுமா? மறு பக்கத்துக்கு அல்லவா சாய்ந்துவிட்டது! இப்போது எதையும் விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டார். ஒன்றை எட்டால் வகுக்கச் சொன்னால் 0.125 என்று முடிந்தது, சந்தோஷம். ஒன்றை ஏழால் வகுக்கச் சொல்லிவிட்டு நான் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் தாள் முழுக்க இலக்கம். ஓரத்தில் திருப்பியும் எழுதியிருக்கிறார்.

“முடியவே மாட்டேங்குது புள்ள. நான் விட மாட்டேன்.”

“நல்லாப் பாருங்க. என்ன வந்திருக்கு?”

விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். 142857. மறுபடியும் 142857. “ஏய், சுத்திச் சுத்தி அதே ஆளுங்கதான் வர்றாங்க!”

ஏன் என்று கேட்டேன். ஒவ்வொரு படியிலும் என்ன மிஞ்சுகிறது என்று பக்கத்தில் எழுதச் சொன்னேன். மூன்று, இரண்டு, ஆறு, நான்கு, ஐந்து, ஒன்று. ஏழால் வகுக்கும்போது மிஞ்சக் கூடியது ஒன்று முதல் ஆறு வரைதான். அந்த ஆறு மிச்சமும் வந்து முடிந்தால், வந்தவர்தான் திரும்ப வர வேண்டும். மிச்சம் திரும்பினால் இலக்கமும் திரும்பும். அண்ணி அந்த மிச்சங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “மிஞ்சுறதுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு, பாரேன்” என்றார். இதுதான் மீளும் தசமம் என்று சொல்லி, திரும்ப வரும் பகுதிக்கு மேல் எப்படிப் புள்ளி வைப்பது என்று காட்டினேன். “இதைய மொதல்லயே சொல்லியிருந்தா என் பென்சில் மிஞ்சியிருக்கும்” என்று என் தலையில் ஒரு குட்டு.

இரண்டின் வர்க்கமூலத்துக்கு வந்தபோது அவருடைய பொறுமை போய்விட்டது. ஒன்றுக்கு ஒன்றாக ஒரு சதுரம் கீறி, மூலைக்கு மூலை கோடு இழுத்து, அந்தக் கோட்டின் நீளம்தான் அது என்றேன். 1.414 என்று தொடங்கும், முடியாது, திரும்பியும் வராது. பின்னமாக எழுதவே முடியாது. அதனால்தான் அது விகிதமுறா எண்.

“முடியாதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்? நீ முழுசாப் போய்ப் பார்த்தியா?”

பரீட்சைக்குத் தேவையில்லாததுதான், இருந்தாலும் சொன்னேன். பின்னமாக எழுதலாம் என்றே வைத்துக்கொள்வோம். மேலேயும் கீழேயும் சுருக்கிச் சுருக்கி, இனிச் சுருக்கவே முடியாது என்ற நிலையில் வைத்திருக்கிறோம். வர்க்கித்துப் பார்த்தால் மேலே உள்ளது இரட்டை எண் என்று வருகிறது. அப்படியானால் கீழே உள்ளதும் இரட்டை எண் என்று வருகிறது. இரண்டும் இரட்டை என்றால் இன்னும் ஒரு தடவை இரண்டால் சுருக்கலாம். சுருக்கவே முடியாது என்று சொல்லித்தானே ஆரம்பித்தோம்? ஆகவே நாம் வைத்துக்கொண்டது பொய்.

என் வகுப்பில் இந்த இடத்தில் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். அண்ணி தொடையில் தட்டினார். “இது நான் ஒங்கண்ணன்கிட்ட செய்யிறதுதான்! பிந்தி வந்துட்டு, ‘பேக்டரியில நின்னேன்’னுவாரு. சரி, நெசம்னே வச்சுக்குவேன். அப்ப மெசினு ஓடுச்சா? ஓடுச்சு. அப்ப கரண்டு இருந்துச்சா? இருந்துச்சு. பேக்டரிக்கும் லயத்துக்கும் ஒரே லைனுதானே, அப்ப இங்க மட்டும் ஏன் கரண்டு இல்லை? முடிஞ்சு! அவரு சொன்னதே அவரை மாட்டி விட்டுரும்.”

அண்ணன் தேங்காய் துருவுவதில் மிகவும் கவனமாக இருந்தார்.

பரீட்சை நாளன்று அண்ணியைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். வெளுத்த நீலச் சேலை, நேர் வகிடு, கையில் இரண்டு பேனா. மண்டபத்துக்குள் அவர் நுழைந்ததும் உள்ளே இருந்த பிள்ளைகள் மேற்பார்வைக்கு வந்த ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்று, “குட்மோர்னிங் மிஸ்” என்றார்களாம். அண்ணி என்ன செய்வதென்று தெரியாமல் “இருங்க, இருங்க” என்று சொல்லிவிட்டு, தன் இலக்கம் ஒட்டிய மேசையைத் தேடிக்கொண்டு போனாராம். வெளியே வந்து இதைச் சொல்லிச் சிரித்தவர், நான் “பேப்பர் எப்படி?” என்று கேட்டதும் அழ ஆரம்பித்தார். ஒன்றும் கேட்காமல் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் தேத்தண்ணியும் பனிஸும் வாங்கிக் கொடுத்தேன்.

பெறுபேறு வந்த அன்று லயத்தில் சிக்னல் இல்லை. மூன்று பேருமாகப் பாதைக்கு ஏறி வந்து, வளைவில் பலா மரத்தடியில் நின்று என் போனில் பார்த்தோம். பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணன் அடுத்த பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கணிதம் என்ற சொல்லுக்கு நேரே ஒரு எஸ். சாதாரண சித்தி. என் மாணவர்கள் எஸ் எடுத்தால் நான் ஒரு வாரம் அவர்களோடு முகம் கொடுத்துப் பேச மாட்டேன். அன்று அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்துப் பாதையில் நின்று ஓவென்று அழுதது நான்தான். அண்ணி எனக்கு மூக்குத் துடைத்து விட்டார்.

பிள்ளைக்காம்பரா வேலை கிடைத்தது, ஆனால் முழுசாக இல்லை. மூன்று மாதம் பார்ப்போம், சரிவந்தால் நிரந்தரம், சரிவராவிட்டால் மறுபடி மலை என்றார்கள். மூன்றாம் மாதம் டியூஷன் விடுமுறை. நான் அங்கே போயிருந்தேன். அன்று குழந்தைகளை நிறுக்கும் நாள்.

மாதம் ஒரு முறை மிட்வைஃப் மிஸ் வருவார். சிங்களப் பெண், நன்றாகத் தமிழ் பேசுவார். அவர் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு குழந்தையின் அட்டையிலும் எடையைக் குறிப்பார். குழந்தையைத் தராசில் படுக்க வைத்து, இலக்கத்தைப் பார்த்துக் கூப்பிடுவது அண்ணியின் வேலை. மத்தியானக் கொழுந்து நிறுத்துவிட்டு இடுப்பில் கட்டிய ஈரப் படங்குச் சாக்கை அவிழ்க்காமலே தாய்மார் ஓடி வந்து வரிசையில் நின்றார்கள்.

வரிசையில் ஓர் இளம் தாய். முதல் குழந்தை. இரண்டு மாதமாக எடை சரியாக ஏறவில்லை, இந்த மாதமும் ஏறாவிட்டால் பதுளை ஆஸ்பத்திரியில் நிறுத்த வேண்டும் என்று மிஸ் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணின் உதடு வறண்டு போயிருந்தது. அண்ணி குழந்தையை வாங்கித் தராசில் வைத்தார். அது கையைக் காலை உதைத்தது. இலக்கங்கள் ஓடி ஓடி ஓர் இடத்தில் நின்றன.

“கீயத, எத்தன?” என்றார் மிஸ், பேனாவை வைத்துக்கொண்டு.

“ஆறு” என்றார் அண்ணி.

சொல்லிவிட்டு நிறுத்தினார். என் மூக்கு நுனிக் கோபம் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அந்தத் தாய் சுவரோடு சாய்ந்து, “போன மாசமும் ஆறுதானே அக்கா... ஏறவே இல்லையா?” என்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

அண்ணி குனிந்து, குழந்தையின் காலை ஒதுக்கி, இன்னொரு தடவை பார்த்தார்.

“எழுதுங்க மிஸ். ஆறு புள்ளி எட்டு.” பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். “போன மாசம் ஆறு இல்லை. ஆறு புள்ளி மூணு. அட்டையில இருக்கு, பாரு. இப்ப ஆறு புள்ளி எட்டு. அரைக் கிலோ ஏறியிருக்கு.”

மிஸ் அட்டையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “ஹொந்தாய், நல்லா ஏறியிருக்கு. ஆஸ்பத்திரி வேணாம்.”

அந்தப் பெண் நம்பவில்லை. அண்ணியின் முகத்தையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தாள். “புள்ளிக்குப் பொறகு உள்ளதும் நமக்கு எழுதுவாங்களா அக்கா?”

அண்ணி குழந்தையைத் துண்டோடு தூக்கி அவள் கையில் வைத்தார்.

“இந்தா, பிடி. இது ஓம் பிள்ளை. முழுசும் ஒனக்குத்தான்.”